சென்னை ஆய்வகமும் தில்லிச் சாக்கடையும்: ஒரு மரபணு சொல்லும் அரசியல்

(மைசூருவில் கட்சி உறுப்பினர் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மைசூரு நகரில் 1921ஆம் ஆண்டு முதல் ஒரு காசநோய் மருத்துவமனை இயங்கி வருகிறது. அது இளவரசி கிருஷ்ணாஜம்மணியின் பெயரைத் தாங்கியது. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் உடன்பிறந்தவரான அவர் காசநோயால் மாண்டவர். அரண்மனையின் செல்வமும் வைத்தியர்களும் அவரைக் காக்க இயலவில்லை. ஏனெனில் அன்று அந்நோய்க்கு மருந்தே இல்லை. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவற்றைத் தவிர மருத்துவர்களால் வழங்கக்கூடியது வேறொன்றும் இருக்கவில்லை. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. பின்னர் பிற மருந்துகளும் வந்தன. இளவரசியைக் காக்க முடியாத நோயிலிருந்து பீடி சுற்றும் தொழிலாளியைக் காக்க முடியும் என்ற நிலை பிறந்தது. இருபதாம் நூற்றாண்டில் உழைக்கும் மக்கள் அடைந்த பெரும் பேறுகளுள் இது ஒன்று.

அந்தப் பேறு இன்று கை நழுவிக்கொண்டிருக்கிறது. ஆன்டிபயாடிக் என்று மக்கள் அழைக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்குப் பாக்டீரியாக்கள் கட்டுப்படாமற் போவதன் நேரடி விளைவாக 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று 2022இல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. இந்தச் சிக்கலின் வரலாற்றில் சென்னையில் பணியாற்றிய ஓர் இளம் ஆய்வாளருக்கும் அவருடைய ஆய்வுக்கும் முக்கிய இடம் உண்டு. அந்த ஆய்வு என்ன கூறியது, அதை அரசு எவ்வாறு எதிர்கொண்டது, அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்பவையே இவ்வுரையின் பொருள்.

மருந்தும் கத்தரிக்கோலும்

பாக்டீரியா தன்னைச் சுற்றி உறுதியான செல்சுவரைக் கட்டிக்கொண்டு வாழ்கிறது. அச்சுவரைக் கட்டும் நொதிகளைச் செயலிழக்கச் செய்வதே பெனிசிலினின் வேலை. சுவர் எழாத பாக்டீரியா வெடித்து அழிகிறது. பெனிசிலின் மூலக்கூறின் நடுவே நான்கு அணுக்களாலான ஒரு சிறு வளையம் உள்ளது. அதற்குப் பீட்டா-லாக்டம் வளையம் என்று பெயர். மருந்தின் ஆற்றல் முழுவதும் அவ்வளையத்தில் அடங்கியுள்ளது. அதை வெட்டும் நொதியைச் சில பாக்டீரியாக்கள் சுரக்கின்றன. வளையம் வெட்டப்பட்டால் மருந்து வெறும் பொடியாகிவிடும்.

இந்த நொதியை ஆபிரகாம், செயின் ஆகிய இருவரும் 1940ஆம் ஆண்டிலேயே கண்டறிந்து வெளியிட்டனர் என்பது கவனத்திற்குரியது. ஆக்ஸ்போர்டில் முதல் நோயாளிக்குப் பெனிசிலின் ஊசி போடப்பட்டது 1941 பிப்ரவரியில். மருந்து புழக்கத்திற்கு வருமுன்பே அதை முறியடிக்கும் கருவி இயற்கையில் இருந்தது. எதிர்ப்பாற்றலை மனிதன் படைக்கவில்லை. அது பெருகிப் பரவுவதற்கான களத்தை அமைத்துக் கொடுத்தான். 1945இல் நோபல் பரிசு ஏற்புரையில் அலெக்சாண்டர் பிளெமிங் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டியே பேசினார்.

பயணம் செய்யும் மரபணு

எதிர்ப்பாற்றல் பெற்ற ஒரு பாக்டீரியா பெருகும்போது அதன் சந்ததிக்கு மட்டுமே அவ்வாற்றல் செல்லும் என்றால் சிக்கல் ஓரளவுக்குக் கட்டுப்பட்டிருக்கும். ஆனால் பாக்டீரியாவின் மரபியல் வேறு விதமானது. இரு பாக்டீரியாக்கள் நேரடியாக இணைந்து மரபணுக்களைப் பரிமாறிக்கொள்கின்றன என்று லெடர்பெர்க், டேட்டம் ஆகியோர் 1946இல் நிறுவினர். குரோமோசோமுக்கு வெளியே வட்டமாகத் தனித்து நிற்கும் மரபணுத் துண்டுக்கு 1952இல் லெடர்பெர்க் பிளாஸ்மிட் என்று பெயரிட்டார். ஒரு பாக்டீரியா தன் பிளாஸ்மிட்டின் படியொன்றை அருகிலுள்ள வேறோர் இனப் பாக்டீரியாவுக்குக்கூட வழங்க முடியும்.

1950களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமிகள் ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கு அடங்காதவையாக மாறின. அவ்வெதிர்ப்பாற்றல் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1959இல் காட்டினர். அதே ஆண்டில் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் சால்மொனெல்லாத் தொற்று பரவியது. அக்கிருமிகளை ஆராய்ந்த நவோமி தத்தா, மருந்தெதிர்ப்பு அவற்றிலும் அவ்வாறே தாவுவதைக் கண்டு 1962இல் வெளியிட்டார். மருத்துவராகத் தொடங்கி மரபியலாளராக மலர்ந்த அவருடைய வாழ்க்கைப்பணி முழுவதும் பிளாஸ்மிட்டுகளைப் பற்றியதே.

1983இல் அவரும் ஹியூஸ் என்ற ஆய்வாளரும் வெளியிட்ட முடிவு இத்துறையின் மைல்கல். முர்ரே என்ற அறிவியலாளர் 1917 முதல் 1954 வரை உலகின் பல பகுதிகளிலிருந்து, இந்தியாவிலிருந்தும்கூட, பாக்டீரியாக்களைத் திரட்டிக் கண்ணாடிக் குழாய்களில் மூடி வைத்திருந்தார். தத்தாவும் ஹியூசும் அவற்றை மீண்டும் வளர்த்துப் பார்த்தனர். ஏறத்தாழ கால் பகுதியில் தாவிச் செல்லும் பிளாஸ்மிட்டுகள் இருந்தன. ஆனால் அவற்றில் மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் இல்லை. வண்டி முன்பே இருந்தது. சரக்கு ஏற்றப்பட்டது மருந்து யுகத்தில்தான். எதிர்ப்பாற்றலின் இன்றைய பெருக்கம் ஊழ்வினை அன்று. அரை நூற்றாண்டுக்குள் மனித சமூகம் மருந்தைத் தயாரித்த விதமும் பயன்படுத்திய விதமும் விளைவித்தது. இதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தரமணியில் நடந்த ஆய்வு

இனி நம் மண்ணுக்கு வருவோம். தில்லியில் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுச் சுவீடனுக்குத் திரும்பிய இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரின் சிறுநீரில் 2008 ஜனவரியில் ஒரு கிளெப்சியெல்லா பாக்டீரியா பிரித்தெடுக்கப்பட்டது. கடைசிக் கட்டத்தில் மட்டும் பயன்படுத்த ஒதுக்கி வைத்திருந்த கார்பபீனம் வகை மருந்துகளையும் அது முறியடித்தது. பீட்டா-லாக்டம் வளையத்தைத் துத்தநாக அயனிகளின் துணையுடன் வெட்டும் புதிய நொதி அதில் இருந்தது. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமோதி வால்ஷும் பிறரும் 2009 டிசம்பரில் அதை விவரித்தனர். அந்நொதிக்கு நியூ தில்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ், சுருக்கமாக என்டிஎம்-1, என்று பெயரிடப்பட்டது.

இது ஒருவரின் உடலில் நிகழ்ந்த தற்செயலா, நாட்டில் பரவிவிட்ட நிலையா? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் டாக்டர் ஏ.எல். முதலியார் பெயரிலமைந்த முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தின் நுண்ணுயிரியல் துறையில் அவர் ஆய்வாளராக இருந்தார். அவரை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வுரை 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் வெளியாயிற்று. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா மற்றும் பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 எனப் பாக்டீரியா மாதிரிகளில் அம்மரபணு காணப்பட்டது. டைகிசைக்ளின், கொலிஸ்டின் ஆகிய இரண்டைத் தவிர ஏனைய மருந்துகளுக்கு அவை பெரும்பாலும் கட்டுப்படவில்லை. பிரிட்டன் நோயாளிகள் 29 பேரில் குறைந்தது 17 பேர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ வந்து சென்றவர்கள்.

எண்ணிக்கையைவிட மரபியல் செய்தி ஆழமானது. ஹரியானாவில் கிடைத்த பாக்டீரியாக்கள் ஒரே குலத்தவை. அதாவது ஒரு கிருமி பெருகிப் பரவியிருந்தது. சென்னையில் கிடைத்தவையோ ஒன்றுக்கொன்று உறவற்ற பல குலங்களைச் சேர்ந்தவை. அவற்றின் பிளாஸ்மிட்டுகள் எளிதில் தாவக்கூடியவை. ஒரு கிருமியைத் தனிமைப்படுத்தித் தடுக்கும் கட்டத்தைச் சென்னை கடந்துவிட்டிருந்தது என்பதே இதன் பொருள்.

தேசப் பெருமிதமும் உண்மையும்

ஆய்வுரை வெளியானதும் தில்லியில் கடுஞ்சினம் எழுந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் ஆய்வின் முடிவை மறுத்தது. இந்தியாவின் மருத்துவச் சுற்றுலா வணிகத்தைக் கெடுக்க நடக்கும் சதி என்ற குரல் நாடாளுமன்றத்தில் ஒலித்தது. ஆய்வுரையின் சில விளக்கங்கள் தமக்குத் தெரியாமல் எழுதப்பட்டவை என்று கார்த்திகேயன் கூறியதாக அந்நாட்களில் நாளேடுகள் வெளியிட்டன. ஒரு பல்கலைக்கழகத்தின் இளம் ஆய்வாளர் மீது எத்தகைய சூழல் கவிந்தது என்பதை இதிலிருந்து உணரலாம்.

எதிர்ப்பில் நியாயமே இல்லை என்று கூறுவதற்கில்லை. ஒரு கொடிய நொதிக்கு ஒரு நகரின் பெயரைச் சூட்டுவது அந்நகர மக்கள் மீது களங்கம் சுமத்துகிறது. வெரோனா, சாவ் பாலோ, சியோல் ஆகிய நகரங்களின் பெயர்களும் இத்தகைய நொதிகளுக்கு முன்பே இடப்பட்டவைதான். எனினும் வழக்கம் என்பதனாலேயே ஒன்று நியாயமாகிவிடாது. லான்செட் இதழின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011 ஜனவரியில் இப்பெயருக்காக வருத்தம் தெரிவித்தார். புதிய நோய்களுக்கு ஊர்ப் பெயர் இடலாகாது என்று உலக சுகாதார அமைப்பும் 2015இல் நெறி வகுத்தது. ஆய்வுக்கு நிதி வழங்கியோரில் டைகிசைக்ளினைத் தயாரித்த வயெத் நிறுவனமும் ஒன்று என்பதைச் சுட்டிக் கேள்வி எழுப்பியதும் சரியே.

ஆனால் பெயர் தவறாக இருக்கலாம், நிதி ஐயத்திற்குரியதாக இருக்கலாம். சென்னையின் 44 மாதிரிகளில் இருந்த மரபணு அதனால் மறைந்துவிடுமா? இந்திய மருத்துவர்களே இதை முன்கூட்டிக் கூறியிருந்தனர். மும்பை இந்துஜா மருத்துவமனையின் மருத்துவர்கள், கார்பபீனத்துக்கு அடங்காத 24 பாக்டீரியாக்களுள் 22இல் இந்நொதி இருந்ததை 2010 மார்ச்சிலேயே இந்திய மருத்துவர் சங்க இதழில் வெளியிட்டிருந்தனர். அதே இதழில் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அப்துல் கபூர், நுண்ணுயிர்க்கொல்லிகளின் மரணத்துக்கு இரங்கல் உரை என்னும் பொருள்படும் தலைப்பில் தலையங்கம் எழுதினார். அப்போது எழாத சினம், லண்டன் இதழில் அச்சான பிறகு எழுந்தது. ஆட்சியாளரை உலுக்கியது நோயாளியின் உயிரா, சந்தையில் நாட்டுக்குள்ள மதிப்பா என்ற கேள்விக்கு இதுவே விடை.

இடதுசாரி இயக்கத்திற்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. லெடர்பெர்க் பாக்டீரியாவின் இணைவைக் கண்டறிந்து இரண்டே ஆண்டுகளில், 1948 ஆகஸ்டில், சோவியத் வேளாண் அறிவியல் கழகத்தின் கூட்டத்தில் லைசென்கோவின் கொள்கை அதிகாரபூர்வக் கொள்கையாக்கப்பட்டது. மரபியல் முதலாளித்துவ அறிவியல் என முத்திரை குத்தப்பட்டு முடக்கப்பட்டது. உலகின் தலைசிறந்த பயிர் மரபியலாளர்களுள் ஒருவரான வாவிலோவ் அதற்கு முன்பே, 1943இல், சரத்தோவ் சிறையில் மாண்டிருந்தார். போர்க்காலத்தில் யெர்மோலியேவாவின் தலைமையில் சொந்த முயற்சியால் பெனிசிலின் தயாரித்த நாட்டில் இது நிகழ்ந்தது என்பது வேதனைக்குரியது. ஏகாதிபத்திய எதிர்ப்பு மெய்ம்மையை மறுக்கும் கேடயமாகிவிடலாகாது. ஆய்வு யாருடைய பணத்தில் நடந்தது என்று கேட்பது நம் கடமை. அக்கேள்வியைக் கேட்ட பின் ஆய்வின் முடிவைச் சோதித்துப் பார்ப்பதும் அதே அளவு கடமை.

சாக்கடை சொன்ன செய்தி

மறுப்புக்குப் பதில் விரைவில் வந்தது. வால்ஷின் குழுவினர் தில்லியில் 2010 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் திரட்டிய மாதிரிகளைச் சோதித்து 2011 ஏப்ரலில் முடிவுகளை வெளியிட்டனர். தெருவில் தேங்கியும் ஒழுகியும் நின்ற கழிவுநீரின் 171 மாதிரிகளில் 51இலும், பொதுக் குழாய்த் தண்ணீரின் 50 மாதிரிகளில் 2இலும் அம்மரபணு இருந்தது. வாந்திபேதி, சீதபேதிக் கிருமிகளிலும் அது குடிபுகுந்திருந்தது. பிளாஸ்மிட்டுகளின் தாவல் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மிகுதியாக இருந்தது. மழைக்காலத் தில்லித் தெருவின் வெப்பம் அதுவே.

மாதிரிகள் அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டு செல்லப்பட்டதாக அரசுத் தரப்பு குற்றஞ்சாட்டியது. விதிமுறை மீறல் இருந்தால் விசாரிக்கட்டும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு என்ன பதில்? சுத்திகரித்த நீரை விலைக்கு வாங்கும் வீடுகளுக்கு இச்செய்தி வெறும் செய்தி. குடத்துடன் தெருக்குழாயில் வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு அது குடும்பத்தின் உயிர்ப் பிரச்சினை. மருந்துச்சீட்டைக் கட்டுப்படுத்தினால் மட்டும் மருந்தெதிர்ப்பு குறையாது; குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் கலக்கும் இடத்தில் மருத்துவரின் எச்சரிக்கை எடுபடாது என்பதை அந்த ஆய்வு உணர்த்தியது.

மைசூரு இதை வரலாற்றிலிருந்தே அறியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோய் தாக்கியபோது இந்நகரைக் காக்க மருந்து இருக்கவில்லை. நகர மேம்பாட்டுக் குழு 1903இல் அமைக்கப்பட்டு, நெரிசல் மிகுந்த பகுதிகள் சீரமைக்கப்பட்டன. புதிய குடியிருப்புகள் எழுந்தன. 2016ஆம் ஆண்டு மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பில் மைசூரு முதலிடம் பெற்றபோது பாராட்டு அதிகாரிகளுக்குச் சென்றது. அத்தூய்மையை நாள்தோறும் உருவாக்கும் பௌரகார்மிகர்கள் என்னும் துப்புரவுத் தொழிலாளர்கள் மருந்தெதிர்ப்புக்கு எதிரான போரின் முன்னணிப் படையினர். அவர்களது நிரந்தரப் பணி, கையுறை, காலணி, மருத்துவக் காப்பு ஆகிய கோரிக்கைகள் கூலிப் பிரச்சினை மட்டுமல்ல. நகரின் பொது சுகாதாரக் கோரிக்கைகள்.

ஆலையும் சந்தையும்

கழிவுநீரில் மருந்து கலப்பதற்கு மனிதர்களின் உடல் மட்டும் காரணமன்று. ஐதராபாத் அருகே பட்டான்செருவில் மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரைச் சுவீடன் ஆய்வாளர் லார்சனும் குழுவினரும் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளோக்சாசின் அதில் இருந்தது. நாளொன்றுக்குச் சுமார் 45 கிலோ மருந்து ஆற்றில் கலந்தது. சுவீடன் நாடு முழுவதும் ஐந்து நாட்களில் உட்கொள்ளும் அளவு அது. ஆலைக் கழிவில் மருந்து எச்சத்துக்கு உச்சவரம்பு விதிக்கும் வரைவை மத்திய அரசு 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021இல் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இடம்பெறவில்லை. பக்கத்திலேயே நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் மருந்து உற்பத்தி நடைபெறும் இம்மாவட்டத்துக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

மறுபுறம், புதிய மருந்து ஏன் வருவதில்லை? நீரிழிவு மருந்தை நோயாளி ஆயுள் முழுதும் வாங்குவார். நுண்ணுயிர்க்கொல்லியை ஒரு வாரம் வாங்குவார். அதிலும் புதிய மருந்தை அரிதாகவே பயன்படுத்த வேண்டும் என்பது மருத்துவ நெறி. குறைவாக விற்க வேண்டிய சரக்கில் மூலதனம் நாட்டம் கொள்ளாது. காசநோய், மலேரியா ஆய்வுகளை நடத்திவந்த தன் பெங்களூரு ஆய்வு மையத்தை அஸ்ட்ராஜெனிகா 2014இல் மூடியது. புதிய நுண்ணுயிர்க்கொல்லிக்கு 2018இல் அமெரிக்க அனுமதி பெற்ற அக்காவோஜென் நிறுவனம் 2019இல் திவாலாயிற்று. மருந்து வெற்றி பெற்றது, கம்பெனி தோற்றது.

இதற்கு மாற்று இருந்தது. உலக சுகாதார அமைப்பு, யுனிசெஃப் ஆகியவற்றின் உதவியுடன் 1954இல் பிம்பிரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. மைசூர்ப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூஞ்சையியல் அறிஞர் எம்.ஜே. திருமலாச்சார் அதன் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். பூஞ்சை நோய்களுக்கான ஹாமைசின் அங்குதான் கண்டறியப்பட்டது. இந்திய மண்ணிலிருந்து, இந்திய அறிவியலாளர்களால், பொதுப் பணத்தில் புதிய மருந்து தோன்ற முடியும் என்று மெய்ப்பித்த நிறுவனம் அது. பின்னர் அது நலிவடைய விடப்பட்டது.

செய்ய வேண்டியவை

மருந்தெதிர்ப்பைப் பற்றிப் பேசும்போது மக்களைக் குற்றவாளியாக்கும் போக்கு பரவலாக உள்ளது. கடையில் இரண்டு மாத்திரை வாங்கி மூன்றாம் நாள் நிறுத்திவிடும் தொழிலாளி அறியாமையால் மட்டும் அவ்வாறு செய்வதில்லை. ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனையில் காத்திருக்க அவரால் இயலாது. முழு மருந்துக்கும் கையில் பணம் இல்லை. மருந்து மிகையாகப் பாய்வதும், மருந்து கிடைக்காமல் ஏழைகள் இறப்பதும் ஒரே அமைப்பின் இரு முகங்கள். எனவே கட்டுப்பாடும் கிடைக்கும் வாய்ப்பும் ஒருங்கே கோரப்பட வேண்டும்.

சில முன்னேற்றங்கள் நிகழ்ந்துள்ளன. மருத்துவர் சீட்டின்றி முக்கிய நுண்ணுயிர்க்கொல்லிகளை விற்பதைக் கட்டுப்படுத்தும் எச்-1 அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. காரணமின்றிக் கலந்து விற்கப்பட்ட 328 கூட்டு மருந்துகள் 2018இல் தடை செய்யப்பட்டன. கோழிகளைக் கொழுக்க வைக்கக் கொலிஸ்டின் கொடுப்பது 2019இல் தடை செய்யப்பட்டது. மாநில அளவில் முதல் செயல்திட்டத்தைக் கேரளம் 2018இல் வெளியிட்டது. சீட்டின்றி மருந்து விற்கும் கடைகளைச் சோதிக்கும் நடவடிக்கையை 2024இல் தொடங்கியது. சட்டம் ஏட்டில் இருப்பதற்கும் கடைத்தெருவில் இருப்பதற்கும் உள்ள இடைவெளியை இயக்கங்களே குறைக்க முடியும்.

உறுப்பினர்கள் தத்தம் பகுதியில் தொடங்கக்கூடிய பணிகள் தெளிவானவை. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் கலக்கும் இடங்களைக் கணக்கெடுத்து மாநகராட்சியிடம் முறையிடுவது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தும் ஆய்வக வசதியும் இருக்கின்றனவா எனச் சோதிப்பது, சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி பயன்படாது என்பதைக் குடியிருப்புகளில் விளக்குவது, மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் சங்கத்தோடும் அறிவியல் இயக்கத்தோடும் இணைந்து ஆலைக் கழிவுக்கு வரம்பு கோருவது ஆகியவை அவை. இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

பிளாஸ்மிட்டுக்குச் சாதி, மதம், எல்லை கிடையாது. தனியார் மருத்துவமனையின் ஐந்து நட்சத்திர அறையும் சேரியின் குடிசையும் அதற்கு ஒன்றே. ஆயினும் அது முதலில் தாக்குவது தண்ணீரும் இடமும் மருந்தும் மறுக்கப்பட்டவர்களை. தரமணி ஆய்வகத்தில் எண்ணப்பட்ட அந்த 44 மாதிரிகளுக்குப் பின்னால் 2009ஆம் ஆண்டுச் சென்னையில் நோயுற்றுக் கிடந்த மனிதர்கள் இருந்தனர். அவர்களுக்கு நாடு அன்று தர வேண்டிய பதில் தூய குடிநீர். இன்றும் தர வேண்டிய பதில் அதுவே.